வியன்னாவில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு

வியன்னா நகரின் நடுவே இருக்கும் ஸ்டீபன் தேவாலயத்தைச் சுற்றி, வெல்வெட் அங்கியும் வெள்ளை டோப்பாவும் அணிந்த இளைஞர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் நெருங்கி வந்து எந்த நாடு என்று விசாரிப்பார்கள். இன்று இரவு மொஸார்ட் கச்சேரி, சில இருக்கைகள்தான் மிச்சம் என்பார்கள். இவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் உண்மையாக நடக்கும் நிகழ்ச்சிக்குத்தான் டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் அது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் நிகழ்ச்சி. நீங்கள் கேட்க ஆசைப்பட்டு வந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழு அங்கே வாசிக்காது. புகழ்பெற்ற முசிக்ஃபெரைன் மண்டபம் என்று அவர்கள் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். மண்டபம் அதுதான், வாசிக்கிறவர்கள் வேறு. மார்கழியில் ஒரே சபாவின் மதியக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அதனால் பணம் கொடுக்கும் முன், வாசிப்பது எந்தக் குழு, எந்த மண்டபம், எந்த வகை இருக்கை என்று டிக்கெட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம் என்பது பலருக்குத் தெரியும். தேதி குறித்த நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. போலி டிக்கெட் என்று பிறகு தெரிந்தாலும், கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கியில் ஆட்சேபம் எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ரொக்கமாகக் கொடுத்தது போனதுதான்.

நல்ல இசைக்குப் பெரும் பணம் வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். வியன்னா அரசு ஓபராவில் நின்று கேட்கும் இடங்கள் மிக மலிவு. இடம் பிடித்ததற்கு அடையாளமாகக் கம்பியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவது அங்கே பழைய வழக்கம். ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல நிகழ்ச்சிகளை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் இலவசமாகவே காட்டுகிறார்கள். மாறாக, பாக்ஸ் எனப்படும் தனியறைகளில் பின்வரிசை இருக்கை வாங்கினால் பாதி மேடை மறையும். புத்தாண்டுக் கச்சேரி டிக்கெட்டை வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன் இணையதளத்தில் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. நிச்சயமாக வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், எந்த வழியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

பேக்கேஜ் டூரில் போகிறவர்களுக்கும் இதே விதிதான். 'ஓபரா அனுபவம்' என்று பயணத் திட்டத்தில் இருந்தால், உள்ளே உட்கார்ந்து கேட்பதா, கட்டடத்தின் முன் நின்று படம் எடுப்பதா என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்டதற்கு வந்த பதிலை மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் ஒரு எச்சரிக்கை மட்டும். போலி வங்கிக் கணக்கு அறிக்கையை ஏஜென்ட் இணைத்தாலும், பொறுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவருக்குத்தான். மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தொகுப்பில் 5 ஆண்டு இருக்கும். நியாயமில்லாமல் மறுத்தார்கள் என்றால் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. எப்படி, எத்தனை நாளுக்குள் என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா, யூரோவிலா என்று இயந்திரம் கேட்கும். யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் நிறுவனம் வைக்கும். அது அநேகமாக உங்களுக்கு நஷ்டம். சாதாரண உடையில் வந்து, நாங்கள் போலீஸ், பணப்பையைக் காட்டு என்று கேட்பவர்கள் ஐரோப்பிய நகரங்களில் பரவலாக உண்டு. பையைக் கொடுக்காமல் 133 என்ற ஆஸ்திரியக் காவல் எண்ணை அழையுங்கள். 112-ம் எல்லா இடத்திலும் வேலை செய்யும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையப் புகார், பிறகு இந்தியத் தூதரகம். தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டுமே உதவும். அதை வைத்துப் பக்கத்து நாட்டுக்குப் போக முடியாது.

நம்மவர்கள் அதிகம் கைவிடும் உரிமை விமானத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், 261/2004 எண் விதி பொருந்தும். ஒரே முன்பதிவில் வியன்னாவிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்கு வருகிறீர்கள், நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தீர்கள் என்றால் தலைக்கு 600 யூரோ கேட்கலாம். மூன்று முதல் நான்கு மணி நேரம் என்றால் அதில் பாதியாகக் குறைக்கலாம். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அந்த விலக்கில் வராது. காரணம் எதுவானாலும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. விமானம் ரத்தானால் பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். கவுன்டரில் நீட்டும் வவுச்சரை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுவனம் மறுத்தால் ஆஸ்திரியாவில் பயணிகள் உரிமை அமைப்பான ஏபிஎஃப் இருக்கிறது, கட்டணம் இல்லை. சென்னையிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் இந்த விதி பொருந்தும்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார்ப் படிவம் எழுதி வாங்கிவிட வேண்டும். உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். வீட்டுக்கு வந்து களைப்பாறிவிட்டுப் பார்க்கலாம் என்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

டூர் நிறுவனம் சொன்னதைச் செய்யவில்லை என்றால், அதன் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பயணத் திட்டம், ரசீது, டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் வழக்கு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.