வெள்ளை அங்கிக்குப் போகும் வழி – 9: ரயில்வே தலைவரின் மகள் போட்ட நிபந்தனை

அமெரிக்காவில் ‘பிரீ-மெட்’ என்பது ஒரு பட்டப்படிப்பின் பெயர் அல்ல என்பதை எட்டு வாரமாகச் சொல்லியாகிவிட்டது. எந்தப் பட்டம் படித்தாலும் மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை அதோடு முடிப்பதுதான் அது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பள்ளியிலேயே கல்லூரி அளவிலான தேர்வு எழுதி வாங்கிய ஏ.பி. கிரெடிட்டுகளை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கிறது.

ஞாயிறு இரவு, சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். முதல் செமஸ்டர் கால அட்டவணை. பொது வேதியியல், உயிரியல், இயற்பியல், கால்குலஸ். செவ்வாய் மதியம் ஒரு பச்சைக் கட்டம், புதன் மதியம் ஒரு நீலக் கட்டம், வியாழன் மதியம் ஒரு சிவப்புக் கட்டம். மூன்றும் லேப்.

“எல்லாத்தையும் முதல் வருஷமே முடிச்சுட்டா நிம்மதி சித்தி. லேப் ஒரு கிரெடிட்தானே?”

“ஒரு கிரெடிட்தான். ஆனா மதியம் மூணு மணி நேரம் நிக்கணும். ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதணும். இதே மாதிரி மூணு நாள்.”

அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்து, நீட் எழுதி, நேராக மருத்துவக் கல்லூரிக்குள் போகிறார்கள் நம் பிள்ளைகள். அமெரிக்காவில் மட்டும் நான்கு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, அதிலும் வேதியியல், இயற்பியல், உயிரியல் எல்லாம் லேப்போடு முடித்துவிட்டு வா என்கிறார்களே, இது யார் போட்ட சட்டம்? அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான்கு நாளாக அதைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதிலை உங்களிடம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறந்தாயிற்று. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி வர வேண்டும், வரவில்லை. ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விட்டுப்போன சொத்தெல்லாம் பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வேயின் பங்குகளில் இருந்தது. பங்கு சரிந்தது, ஈவுத்தொகை நின்றது, கல்லூரி காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அந்த ரயில்வேயின் தலைவராக இருந்தவர் ஜான் கேரட். அவருடைய மகள் மேரி எலிசபெத் கேரட். ஹாப்கின்ஸ் இளநிலை வகுப்புகளில் பெண்களுக்கு இடமே இல்லாத காலம் அது. அந்தக் கதவு திறந்தது 1970-ல்தான். மேரியும் அவருடைய தோழிகள் மூவரும், நால்வருமே அறங்காவலர்களின் மகள்கள், கூடிப் பேசினார்கள். தேவைப்பட்டது 5,00,000 டாலர். ஊர் ஊராகப் பெண்கள் குழுக்கள் அமைத்துத் திரட்டினார்கள். அப்படியும் எட்டவில்லை. 1892 கடைசியில் மேரி கேரட், மீதி 3,06,977 டாலரைத் தானே தருவதாகச் சொன்னார்.

கூடவே நிபந்தனைகளும் போட்டார். ஆண்களுக்கு என்ன விதியோ அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும். சேர வருகிறவர், ஆணோ பெண்ணோ, முதலில் ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர்கள்கூடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மருத்துவக் கல்லூரிக்குள் போன காலத்தில் இது. பேராசிரியர் வில்லியம் வெல்ச்சே திகைத்துப் போனார். இத்தனைக்கும் அந்தத் தகுதிகளை ஒரு காலத்தில் எழுதிவைத்தவர் அவர்தான். இப்படி ஒருநாள் நிஜமாகவே கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நல்லவேளை நாம் பேராசிரியர்களாக உள்ளே வந்துவிட்டோம், மாணவர்களாக விண்ணப்பித்திருந்தால் நமக்கு இடம் கிடைத்திருக்காது என்று சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் அவரிடம் சொன்னது இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லப்படுகிறது. நவீன மருத்துவத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஆஸ்லர்!

1893 அக்டோபரில் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

பிறகு 1910. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற பள்ளி ஆசிரியர், அவர் மருத்துவரே அல்ல, கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். இரண்டு வருடமாவது கல்லூரியில் படித்துவிட்டு வா என்று கேட்டவை அவற்றில் 16 மட்டுமே. எல்லாக் கல்லூரிகளும் ஹாப்கின்ஸ் மாதிரி ஆக வேண்டும் என்றார். மேரி கேரட்டின் நிபந்தனை மெல்ல மெல்ல நாட்டின் நடைமுறையாயிற்று. அதற்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹவர்டும் மெஹாரியும் தவிர மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அந்த இழப்பைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. மேரி கேரட் நிபந்தனை போட்ட அதே பத்தாண்டில்தான் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்தார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர், பெண்களையும் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1918-ல் பெண்களுக்கென்று அங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார். என் அம்மா என்னைப் பெற்றது ஐடா ஸ்கடர் நிறுவிய சி.எம்.சி. மருத்துவமனையில். பால்டிமோரில் கதவைத் தள்ளிய கைகளை நினைக்கும்போது எனக்கு அந்தப் பிரசவ வார்டும் நினைவுக்கு வருகிறது.

சரி, மூன்று லேப்புக்கு வருகிறேன்.

அவளிடம் ஒரு காகிதத்தை எடுத்துப் பின்னாலிருந்து எழுதச் சொன்னேன். மூன்றாம் ஆண்டின் வசந்த காலத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் உயிர்வேதியியல் முடிந்திருக்க வேண்டும். 2015-ல் தேர்வை மாற்றியமைத்தபோது அதற்கு இடம் கூடிவிட்டது. உயிர்வேதியியலுக்கு முன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பெரும்பாலான இடங்களில் இரண்டு செமஸ்டர். ஆர்கானிக்குக்கு முன் பொது வேதியியல், அதுவும் இரண்டு. ஆக ஐந்து செமஸ்டர், ஒன்றன் பின் ஒன்றாக. முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் உட்கார விட மாட்டார்கள். எம்கேட்டுக்கு முன் அவளுக்கு முழுதாகக் கிடைப்பதும் ஐந்தே செமஸ்டர்.

எழுதி முடித்ததும் அவளே சொன்னாள். “அப்போ கெமிஸ்ட்ரி மட்டும்தான் இப்பவே ஆரம்பிக்கணும்.”

அதேதான். உயிரியல் இரண்டாவது செமஸ்டரில் வரலாம். இயற்பியல் இரண்டாம் ஆண்டு வரைகூடப் பொறுக்கும். கால்குலஸ் போட்ட கடினமான இயற்பியலை எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அல்ஜீப்ரா வழியில் நடத்தும் இயற்பியலையே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. பட்டம் முடித்து ஓரிரு வருடம் கழித்து விண்ணப்பிப்பவர்களும் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சங்கிலி இன்னும் தளர்வானது.

அவசரப்படக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், மதிப்பெண். நம் ஊரில் அரியரை கிளியர் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ‘ஆம்காஸ்’ என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் போக வேண்டும். அது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் தனியாகக் கூட்டி ஒரு சராசரி போடும். நான்கு கிரெடிட் வேதியியலில் ‘சி’ வாங்கி, மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினாலும் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். இரண்டும் சேர்ந்து 3.0. கல்லூரி பழைய ‘சி’யை மறந்தாலும் ஆம்காஸ் மறக்காது. பதினெட்டு வயதில், வீட்டை விட்டு வந்த முதல் அக்டோபரில், மூன்று லேப் ரிப்போர்ட்டுக்கு நடுவே வாங்கிய ஒரு ‘சி’ இருபத்திரண்டு வயது வரை கூடவே வரும்.

மேரி கேரட் கேட்டது, மருத்துவம் படிக்க வருகிறவர் அறிவியலைக் கையால் தொட்டு, ஆற அமரக் கற்றுவிட்டு வர வேண்டும் என்பதைத்தான். ஒரே செமஸ்டரில் மூன்றையும் தள்ளி முடிப்பது அந்த நிபந்தனையின் எழுத்தைக் காப்பாற்றும். அதன் நோக்கத்தைக் காப்பாற்றாது. மதுரை வாசகருக்கும் என் பதில் இதுதான். ஒருநாள் இவள் முன்னால் ஒரு நோயாளி உட்காருவார். அவருக்காகத்தான் அந்த வருடங்கள்.

பதினொன்றரை மணிக்கு அட்டவணை இப்படி நின்றது. பொது வேதியியல் லேப்போடு 4 கிரெடிட், கால்குலஸ் 4, எழுத்துப் பயிற்சி வகுப்பு 3, உளவியல் அறிமுகம் 3. மொத்தம் 14. உளவியலைச் சும்மா சேர்க்கவில்லை. 2015 முதல் எம்கேட்டில் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனிப் பகுதி உண்டு. நீலக் கட்டத்தையும் சிவப்புக் கட்டத்தையும் அவளே அழித்தாள். செவ்வாய் மதியத்துப் பச்சை மட்டும் மிஞ்சியது.

அதன் மேல் அம்புக்குறியை வைத்து விவரத்தைத் திறந்தாள். இந்த முறை நிதானமாக, கடைசி வரி வரை வாசித்தாள்.

“லேப்புக்குக் கண்ணாடி நாமளே வாங்கிட்டு வரணுமாம் சித்தி. பக்கவாட்டும் மூடியிருக்கணுமாம். நாளைக்கே போலாமா?”

போகிறோம். ஏ.பி. கிரெடிட் கதை அடுத்த வாரம். பள்ளியில் ஏ.பி. வேதியியல் தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவள் பொது வேதியியலைத் தாண்டி நேராக ஆர்கானிக்கில் உட்காரலாமா என்ற கேள்வி அதில்தான் இருக்கிறது. அவள் வாங்கியிருப்பதும் 5.

(தொடரும்)