எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி: குறைந்த செலவில் எந்த டிவி வாங்கலாம்?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய திரை வாங்க விரும்புவோருக்கு இது சாதகமே. எனினும், எந்தத் தொழில்நுட்பத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பதில் குழப்பம் நீடிக்கிறது.

எல்இடி - க்யூஎல்இடி வேறுபாடு என்ன?

எல்இடி டிவி என்பது, பின்னால் எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்ட எல்சிடி திரையே. க்யூஎல்இடியும் அதே வகைதான்; குவாண்டம் டாட் படலம் சேர்வதால் நிறங்கள் செறிவாகத் தெரியும். கருப்பு நிறம் அதனால் மட்டும் மேம்படாது.

மினி எல்இடி திரையில் பின்விளக்குகள் பகுதி பகுதியாக மங்குவதால் இருண்ட காட்சிகள் தெளிவாகும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து அணைவதால் கருப்பு முழுமையாக இருக்கும். ஆனால் விலை அதிகம். சேனல் இலச்சினை போன்ற அசையாத படங்கள் நீண்டகாலம் தோன்றினால் திரையில் தடம் பதியும் அபாயமும் உண்டு.

எதைக் கவனிக்க வேண்டும்?

பக்கவாட்டில் அமர்ந்து பலர் பார்க்கும் கூடத்துக்கு ஐபிஎஸ் பேனல் ஏற்றது. நேராக அமர்ந்து, விளக்கை அணைத்துப் பார்ப்போருக்கு விஏ பேனல் சிறந்தது.

எச்டிஆர் என்ற முத்திரை மட்டும் போதாது. திரையின் வெளிச்ச அளவான 'நிட்ஸ்' குறைவாக இருந்தால் அதன் பலன் கிடைக்காது. பட்ஜெட் குறைவெனில், க்யூஎல்இடி என்ற பெயரைவிட பேனல் வகை, வெளிச்சம், மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு ஆகியவற்றை ஒப்பிடுவதே பயனளிக்கும்.