பீரோச் சாவியிலிருந்து பார்கோடு வரை

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் பல அரசுப் பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி அறை கிடையாது. தலைமையாசிரியர் அறையிலோ ஆசிரியர்கள் உட்காரும் அறையிலோ இரண்டு மூன்று இரும்பு பீரோக்கள் நிற்கும். அவைதான் நூலகம். சாவி, அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்த தமிழாசிரியரிடமோ ஓவிய ஆசிரியரிடமோ இருக்கும். பிள்ளைகளுக்குக் கண்ணாடி வழியே புத்தகத்தின் முதுகு மட்டும் தெரியும். கண்ணாடி இல்லாத பீரோ என்றால் அதுவும் இல்லை.

பூட்டி வைத்தார் என்று அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்புச் சரிபார்ப்பு நடக்கும்போது பதிவேட்டில் உள்ள புத்தகம் பீரோவில் இல்லையென்றால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சில சமயம் கைக்காசு போட்டு ஈடுகட்டவும் வேண்டும். படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது. யாரும் தொடாமல் பூச்சி அரித்த புத்தகத்தைப் பற்றிக் கேள்வி வருவது அபூர்வம். அப்படி ஒரு ஏற்பாட்டில் பூட்டி வைப்பவர்தான் பொறுப்பானவர் என்று பெயர் வாங்குவார்.

அந்தக் காலத்து வேலையில் ஓர் அக்கறை இருந்ததையும் சொல்ல வேண்டும். புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் பில்லோடு ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு அக்சஷன் ரிஜிஸ்டர் எனும் நூல் வரவுப் பதிவேடு. தொடர் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண் எல்லாம் ஒரே வரியில், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏற வேண்டும். தலைப்புப் பக்கத்தில் பள்ளி முத்திரை விழும். உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இன்னொரு முத்திரை. ஒரு பள்ளியில் அது 17ஆம் பக்கம், இன்னொன்றில் 25ஆம் பக்கம். அட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டாலும் இந்த ரகசியப் பக்கம் புத்தகம் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும். கடைசியாகப் பின்னட்டையின் உட்புறத்தில் பசை தடவித் தேதிச் சீட்டு ஒட்டுவார்கள். சில பள்ளிகளில் புத்தகத்துக்கென ஓர் அட்டையும் உண்டு. எடுத்தவர் பெயரெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தனக்கு மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா இதே கதையை வாசித்திருக்கிறார் என்று ஒரு பெண் தெரிந்துகொள்வது அந்த அட்டையில்தான். இன்றைய மென்பொருள் அந்தப் பெயர்களை மறைத்துவிடுகிறது. மறைப்பதுதான் முறை, ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். ஆனாலும் அந்த அட்டை தந்த உறவுக்கு இன்னும் ஈடு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

மென்பொருள் பக்கம் வருவோம். நூலக நிர்வாகத்துக்கு இன்று பரவலாகப் பயன்படுவது கோஹா. நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்ற வட்டாரத்து நூலகங்கள் பயன்படுத்திய பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டின் தேதி மாற்றத்தைத் தாங்காது என்று தெரிந்ததால், அவசரத்துக்கு எழுதப்பட்டது அது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. எழுதியவர்கள் மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயாவும் உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டாயிரம் புத்தகமும் ஒரே ஒரு கணினியும் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குக் கோஹா தேவையில்லை என்பது என் கருத்து. அதை நிறுவவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் மாறுதலில் போன மறுமாதம் நூலகப் பட்டியல் திறக்காது. அத்தகைய பள்ளிக்கு ஒரு கூகுள் ஷீட் போதும்: அக்சஷன் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, வகை, அடுக்கு எண், வாசிப்பு நிலை, யாரிடம் இருக்கிறது. வாசிப்பு நிலைக்குப் புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலைத் தமிழில் ஏற்ற உட்கார்ந்தால்தான் உண்மையான சிக்கல் தெரியும். ஆங்கிலப் புத்தகத்தின் பின்னட்டைப் பார்கோடைச் செல்போன் கேமராவில் காட்டினால், 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துத் தலைப்பும் ஆசிரியரும் பெரும்பாலும் தானாக வந்து விழும். தமிழில் சிறு பதிப்பகப் புத்தகம் பலவற்றுக்கு எண்ணே இருக்காது, எண் இருந்தாலும் விவரம் எங்கும் ஏறியிருக்காது. கையால்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது கு. அழகிரிசாமி என்று முதலெழுத்தோடு போட்டால் அவர் ‘கு’ வரிசையில் போய் நிற்பார், அழகிரிசாமி என்று தேடி வருகிற பிள்ளை பட்டியலின் ‘அ’ வரிசையைப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடும். ஜெயகாந்தனை ஒருவர் ‘ஜெ’யில் தொடங்குவார், இன்னொருவர் ‘செ’யில் தொடங்குவார். இதற்கு மென்பொருள் தீர்வு சொல்லாது. ‘பெயர் முன்னே, முதலெழுத்து பின்னே, எழுத்துக்கூட்டல் அட்டையில் உள்ளபடி’ என்று பள்ளி ஒரு முடிவெடுத்துக் காகிதத்தில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவைக்க வேண்டும்.

அகரவரிசையும் சோதிக்கும். தமிழ் அகராதி முறையில் அக்கா முன்னால், அகராதி பின்னால். யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் புள்ளிக்குப் பெரிய எண் என்பதால் அகராதி முந்திக்கொள்ளும், அக்கா பின்னுக்குப் போகும். நம் வரிசையில் கடைசியாக வரும் றகரமும் னகரமும் அங்கே ரகரத்துக்கும் நகரத்துக்கும் பக்கத்தில் இடம் பிடித்திருக்கும். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய இழப்பு, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்துவைத்த பட்டியல்கள். பாமினியிலோ வேறொன்றிலோ ஓர் ஆசிரியர் விடுமுறையெல்லாம் உட்கார்ந்து அடித்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்பு எந்தப் பள்ளியிலாவது கிடந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

பட்டியலை விட்டுப் புத்தகத்துக்கு வந்தால் மாற்றம் இன்னும் பெரிது. அன்று பீரோவின் மேல் தட்டில், மற்றவற்றைவிடப் பத்திரமாக இருந்தவை பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத் தொகுதிகள். பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகள் 1954இல் வெளிவரத் தொடங்கின. 1968 முதல் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. தமிழில் ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்ல எழுந்த மாபெரும் உழைப்பு அது. பள்ளியில் இருந்தது ஒரே பிரதி என்பதால் குழந்தையின் கைக்கு அது வருவது அரிதாக இருந்தது. இன்று அந்தத் தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை தன்னார்வலர்களின் தட்டச்சால் இலவசமாகத் தருகிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த சமூகத்திலிருந்து 2005இல் எழுந்த நூலகம் திட்டம், ஈழத்து நூல்களோடு பழைய பள்ளி மலர்களையும் இதழ்களையும்கூட வருடிச் சேர்த்துவைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓர் ஆசிரியர் தம் ஊரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட வேண்டுமானால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

சின்னக் குழந்தைகளுக்கு என்றால் நான் முதலில் சொல்வது பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை. படக்கதைகள் தமிழில் ஏராளம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். ஒரு பதினாறு பக்கக் கதையைப் பிரிண்டரில் ‘புக்லெட்’ என்ற அமைப்பில் கொடுத்தால் நான்கே ஏ4 தாள்களில் இருபுறமும் அச்சாகி வரும். நடுவில் மடித்து, முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் புத்தகம் தயார். கருப்பு வெள்ளையில் அச்சானால் பிள்ளைகளே கலர் பென்சிலால் வண்ணம் தீட்டுகிறார்கள். தொலைந்தால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். சரிபார்ப்பு அச்சம் இல்லாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூடிய புத்தகம் நம் அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்தது இப்படித்தான். பெரிய மென்பொருள் எதையும்விட இந்த நான்கு தாள்களை நான் உயர்வாக நினைக்கிறேன்.

உரிமை விஷயத்தில் பள்ளி நூலகர் கறாராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது விற்பனையில் உள்ள நாவல்களும் சிறார் நூல்களும் பிடிஎஃப் ஆகச் சுற்றுகின்றன. நல்லெண்ணத்தோடுதான் பலரும் அனுப்புகிறார்கள். சில நூறு பிரதிகள் விற்றால்தான் அடுத்த புத்தகம் போட முடியும் என்ற நிலையில் உள்ள சிறார் பதிப்பாளருக்கு அது நேரடியான அடி. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவை, அரசு நாட்டுடைமையாக்கியவை, திறந்த உரிமத்தில் வந்தவை ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பள்ளியே திருட்டுப் பிரதியைக் கொடுத்துவிட்டு, காப்பியடிக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்ல முடியாது.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் நிலை அன்று மிகவும் கொடியது. பிரெய்ல் பாடநூல்களே அருமை; கதைப் புத்தகம் யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்க 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் இடம் தந்தது. அதே நோக்கத்துக்கான பன்னாட்டு மராக்கெஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் அவர்களுக்கென சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. அந்தப் பிள்ளையைப் பதிவுசெய்து, ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்து, எப்படித் தேடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆசிரியர் போதும். அந்த ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளியில் இத்தனை சட்டமும் தளமும் இருந்தும் அந்தப் பிள்ளை பழைய நிலையிலேயே இருக்கும்.

அன்று தகவல் கிடைப்பது கடினம். இன்று கிடைத்ததை நம்பலாமா என்பதுதான் கடினம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தி பல தலைமுறையாகச் சுற்றிவருகிறது. செல்போனில் தேடினால் அடித்துச் சொல்லும் காணொளிகள் கிடைக்கும். நூலகப் பாடவேளையில் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து இதை ஆராயச் சொல்லலாம். ஒரு குழு காணொளிகளைப் பார்த்து, யார் சொல்கிறார்கள், எந்த ஆதாரத்தோடு சொல்கிறார்கள் என்று குறிக்கட்டும். மற்றக் குழு கோயிலின் புகைப்படங்களைக் காலையிலும் மாலையிலும் எடுத்தவையாகத் தேடித் தரையைப் பார்க்கட்டும். நிழல் நன்றாகவே விழுந்து கிடக்கும். அங்கிருந்து, அந்தக் கோயிலின் உண்மையான பெருமையான கல்வெட்டுகளையும் கட்டுமானத்தையும் அறியப் புத்தகத்துக்கு வரலாம். இணையத்தில் கிடைப்பதை இப்படி எடைபோடக் கற்றுத்தருவது இன்று பள்ளி நூலகர் செய்ய வேண்டிய முதல் வேலை என்பேன். செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் சரளமான பதில் எழுதித் தரும் இந்த நாளில் அது இன்னும் அவசரமானது.

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது. பதிவேட்டுக் காலத்தில் இந்த விதியைப் பின்பற்றுவது கடினம்; எந்தப் புத்தகம் யாராலும் எடுக்கப்படவில்லை என்று அறிய ஒவ்வொரு தேதிச் சீட்டையும் புரட்ட வேண்டும். ஷீட்டில் அது ஒரு வடிகட்டலில் வந்துவிடும். ஓராண்டாக வெளியே போகாத முப்பது புத்தகத்தை எடுத்து, அடுக்கிலிருந்து இறக்கி, அட்டை தெரிய ஒரு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அதில் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று அடுத்த மாதம் அதே ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்ய ஆள் யார்? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இன்றும் பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் இல்லை. பாட ஆசிரியரின் தோளில்தான் அந்தப் பொறுப்பு ஏறுகிறது. நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது, தேர்வு நெருங்கினால் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. கணினி மிச்சப்படுத்தித் தந்த நேரம் பிள்ளைகளுக்குத் திரும்பவில்லை. எழுதிய பதிவேட்டையே கணினியிலும் ஏற்றுவதால் பல இடங்களில் வேலை இரட்டித்திருக்கிறது. ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: மேல்நிலைப் பள்ளிதோறும் ஒரு நூலகர் பணியிடம், பறிக்கப்படாத ஒரு பாடவேளை, ஒரே ஒரு பதிவேடு, பிரிண்டருக்கு மாதாமாதம் மையும் தாளும், வாசித்துக் கிழிந்த புத்தகத்தைக் கழிவாக எழுதித்தள்ள எளிதான ஓர் அரசாணை.