மணலில் எழுதிய அகரம்

தசரா விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போன நம் மைசூருப் பிள்ளை ஒருவன் தமிழில் மடமடவென்று பேசினான். பேருந்துப் பலகையைப் படிக்கச் சொன்னதும் விழித்தான். நம் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. இதற்கு மருந்து நம் பழைய கிராமப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் புத்தகம் மணல்தான். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதுவார். எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே பிள்ளை எழுத வேண்டும். கண், காது, வாய், கை நான்கும் சேர்ந்து உழைத்ததால் எழுத்து மனத்தில் பதிந்தது. ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான். முன்னே கற்ற பெரிய பிள்ளை சட்டாம்பிள்ளையாகிச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். கன்னட நாட்டிலும் 'கூலி மடம்' என்ற பெயரில் இத்தகைய பள்ளிகள் இருந்தன.

சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்தார். தம் விடுதியிலும் அதையே செய்தார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராகும் வழியையும் கையாண்டார். 1797-இல் இதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு மணல் போய்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன. கோவை இலையைத் தேய்த்துச் சிலேட்டைக் கருகருவென்று ஆக்குவதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஆகவே மூன்றாம் வகுப்புக்காரன் ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பான்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். திண்ணையில் பெண்பிள்ளைகளும் ஏழை எளியவர்களும் இடம் பெற்றது அரிது. பிரம்படியும் கோதண்டமும் இருந்தன. 1956-இல் காமராஜர் ஆட்சியில் வந்த பகல் உணவு பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. கர்நாடகத்தில் 2002-இல் அட்சர தாசோகம் வந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதைத் தடுத்தது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள்.

ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். அது வேண்டியதுதான். தமிழ் எழுத்தை வீடுதான் தர வேண்டும். அதற்குக் கன்னடமே துணை. இரண்டிலும் அ, ஆ, இ, ஈ என்று அதே வரிசை. எகர ஒகரக் குறில் நெடில்களும் இரண்டிலும் உண்டு. கன்னடத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து, தமிழிலோ ஒன்றே. ழ, ற, ன மூன்றையும் புதிதாகப் பழக வேண்டும். அவற்றிலும் ழகரமும் றகரமும் பழைய கன்னடத்தில் இருந்தவையே.

வரும் விஜயதசமியன்று ஜம்பு சவாரி பார்க்கக் கிளம்புமுன், ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்புங்கள். பாட்டியோ தாத்தாவோ விரல் பிடித்து எழுதவைக்கட்டும். பிறகு நாளுக்கு ஓர் எழுத்து, கால் மணி நேரம் போதும். அக்காள் தம்பிக்குச் சட்டாம்பிள்ளையாகட்டும். அடுத்த விடுமுறையில் அந்தப் பேருந்துப் பலகையைப் பிள்ளையே நமக்குப் படித்துக் காட்டுவான்.