தைராய்டு பிறபொருளெதிரிச் சோதனையும் கருத்தரிப்பும்

தைராய்டு பிறபொருளெதிரிச் சோதனை என்பது, தைராய்டு சுரப்பிக்கு (கேடயச் சுரப்பி) எதிராக உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே உருவாக்கும் பிறபொருளெதிரிகள் குருதியில் உள்ளனவா என அறியும் சோதனை ஆகும். கருத்தரிக்க முயலும் பெண்களுக்கும், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களுக்கும் இச்சோதனை செய்யப்படுவதுண்டு. இதில் "நேர்மறை" என முடிவு வருவது மலட்டுத்தன்மையைக் குறிப்பதன்று. சுரப்பியின் செயற்பாடு குறைந்துவிட்டது என்றும் அதற்குப் பொருளில்லை.

வரலாறு

சப்பானிய மருத்துவர் அக்காரு அசிமோட்டோ 1912 ஆம் ஆண்டில், நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட வீங்கிய தைராய்டு சுரப்பிகளில் வெள்ளை அணுக்கள் நிறைந்திருப்பதை விவரித்தார். இந்நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1956 ஆம் ஆண்டில் இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், இந்நோயாளிகளின் குருதியில் தைரோகுளோபுலின் என்னும் புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதைக் கண்டறிந்தனர். உடல் தன்னையே தாக்கக்கூடும் என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

வகைகள்

டிபிஓ பிறபொருளெதிரி: தைராய்டு இயக்குநீரை உருவாக்கும் பெராக்சிடேசு என்னும் நொதியத்திற்கு எதிரானது. கருத்தரிப்பு தொடர்பாக மிகுதியாகச் சோதிக்கப்படுவது இதுவே. பழைய அறிக்கைகளில் மைக்ரோசோமல் பிறபொருளெதிரி எனக் குறிக்கப்பட்டது.

தைரோகுளோபுலின் பிறபொருளெதிரி: இயக்குநீர் சேமிக்கப்படும் புரதத்திற்கு எதிரானது.

டிஎஸ்எச் ஏற்பி பிறபொருளெதிரி: கிரேவ்சு நோயில் சுரப்பியை மிகையாகத் தூண்டுவது. இது நச்சுக்கொடி வழியாகச் சென்று கருவின் தைராய்டையும் தூண்டக்கூடும். எனவே, முன்பு கிரேவ்சு நோய்க்கு அறுவை அல்லது கதிரியக்க அயோடின் மருத்துவம் செய்துகொண்டவர்களும் கருவுற்றதும் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முடிவைப் படிக்கும் முறை

பிறபொருளெதிரியின் அளவுக்கு எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான எல்லை கிடையாது. சோதனைக் கருவியைப் பொறுத்து இயல்பு எல்லை 9, 34, 60 என வேறுபடும். மங்கலம்பேட்டையில் வாழும் ஒருவரின் குருதி ஒருமுறை விருத்தாசலத்திலும் மறுமுறை சென்னையிலும் சோதிக்கப்பட்டால், இரு எண்களையும் நேரடியாக ஒப்பிடலாகாது. அந்தந்த அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள எல்லையுடனேயே ஒப்பிட வேண்டும். முடிக்காக உட்கொள்ளப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில சோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்பதால், அவற்றைச் சோதனைக்கு முன்னர் நிறுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது.

இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதால் பயனில்லை. கபச் சுரப்பி சுரக்கும் டிஎஸ்எச் அளவுடன் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

டிஎஸ்எச் இயல்பு, பிறபொருளெதிரி நேர்மறை: சுரப்பி இப்போது போதிய அளவு இயங்குகிறது, பின்னாளில் குறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. கண்காணிப்பே முதன்மையானது.

டிஎஸ்எச் இயல்பு எல்லைக்கு மேல்: கருத்தரிக்க முயல்வோருக்கு லெவோதைராக்சின் மாத்திரை தரப்படுகிறது. டிஎஸ்எச் அளவை 2.5-க்குக் கீழ் வைத்திருப்பது நோக்கமாகும்.

இந்தியாவில் நிலை

அயோடின் சேர்க்கப்படாத உப்பை நேரடி உணவுக்காக விற்பது 2006 ஆம் ஆண்டில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில், தைராய்டு குறைச்சுரப்புக்குத் தன்னுடல் தாக்குநோயே முதன்மைக் காரணமாகிறது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், 21.85 விழுக்காட்டினருக்கு டிபிஓ பிறபொருளெதிரி காணப்பட்டது. குறைச்சுரப்பு இருந்தோர் 10.95 விழுக்காட்டினரே. அதாவது, பிறபொருளெதிரி உள்ளவர் அனைவரும் நோயாளிகள் அல்லர்.

மருந்து பயன் தருமா?

பிறபொருளெதிரி உள்ள பெண்களிடம் கருச்சிதைவு சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. எனவே டிஎஸ்எச் இயல்பாக இருப்பினும் லெவோதைராக்சின் தரலாமா என்ற வினா நெடுநாள் நிலவியது. இதற்கு விடைகாண ஐக்கிய இராச்சியத்தில் நடந்த ஆய்வு 2019 இல் வெளியானது. கருச்சிதைவோ குழந்தையின்மையோ இருந்த 952 பெண்களில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் மருந்தும், மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தரப்பட்டன. முறையே 37.4, 37.9 விழுக்காட்டினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். மருந்தால் வேறுபாடு ஏற்படவில்லை. எனினும் மருந்து பெறாதவர்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் குழந்தை பெற்றனர் என்பது கருதத்தக்கது.

பிறபொருளெதிரியின் அளவைக் குறைப்பதற்காகச் செலினியம் உட்கொள்வதையும் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை.

கருவுற்ற பின்

கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12 ஆவது வாரத்திலேயே இயக்குநீரை உருவாக்கத் தொடங்குகிறது. அதுவரை கரு தாயின் இயக்குநீரையே முற்றிலும் சார்ந்துள்ளது. தாக்குதலுக்கு உள்ளான சுரப்பியால் இக்கூடுதல் தேவையை ஈடுசெய்ய இயலாமல் போகலாம். எனவே, டிபிஓ நேர்மறையான பெண்கள் கருவுற்றது உறுதியானவுடன் டிஎஸ்எச் சோதனை செய்து, கருக்காலத்தின் பாதிவரை நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என அவ்வழிகாட்டல் கூறுகிறது.

முன்பே லெவோதைராக்சின் உட்கொள்பவர்கள், கருவுற்றது தெரிந்ததும் அச்சத்தால் அதனை நிறுத்துவது தவறாகும். மாறாக, பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கருவுற்றோருக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இம்மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், இரண்டுக்கும் இடையே நான்கு மணிநேர இடைவெளி தேவை.

மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சி தோன்றும் வாய்ப்பும் இப்பெண்களுக்கு மிகுதி. அதனால் உண்டாகும் களைப்பும் மனச்சோர்வும் குழந்தை வளர்ப்பின் அலுப்பு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. எளிய குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம்.

இவற்றையும் பார்க்கவும்

தைராய்டு சுரப்பி
தன்னுடல் தாக்குநோய்
அயோடின் குறைபாடு
கருச்சிதைவு