ஆற்றுப்படுத்துதல் எனும் கல்வி

"அறிவுரை சொல்வதற்கும் ஒரு படிப்பா?" முதுகலை உளவியலில் கவுன்சலிங்கைப் பாடமாகப் பயிலும் என்னைப் பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்மேல் குற்றமில்லை. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களே இதற்கு 'அறிவுரை பகர்தல்' என்று பெயர் சூட்டியிருந்தன. பெயர் பொருளை மறைத்துவிட்டது. இப்படிப்பில் நாங்கள் கற்பது யாது என்பதை இங்குச் சுருக்கமாக விளக்குகிறேன்.

அமெரிக்காவில், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ராஜர்ஸ் 1942-இல் கவுன்சலிங்கும் உளச் சிகிச்சையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம்மை நாடி வந்த ஒருவருடன் நிகழ்ந்த எட்டு உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் அதில் அச்சிட்டார். மூடிய அறையில் நடப்பதை மாணவர் வரிவரியாக ஆராய வழி பிறந்தது. 1957-இல் அவர் வகுத்த நிபந்தனைகளுள் ஆற்றுப்படுத்துவோர்க்கு உரியவை மூன்று: பிறர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி மதித்தல், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை.

சொல்வதற்கு எளிய இவற்றைப் பழகுதல் அரிது. வகுப்பில் மூவர் மூவராக அமர்வோம். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். "தேர்வில் தோற்றுவிட்டேன், வீட்டுக்குப் போக முகமில்லை" என்று ஒருவன் சொல்வதாகக் கொள்வோம். "கவலைப்படாதே, அடுத்த முறை எழுதலாம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "வீட்டாரை எதிர்கொள்வதுதான் தோல்வியைவிடப் பெரிதாகத் தெரிகிறதோ?" என்றால் அவன் மேலும் பேசுவான். இடையில் விழும் மௌனத்தைப் பொறுத்திருப்பதும் பயிற்சியே.

கேட்பது மட்டுமே போதுமா? போதாது. துயரத்தை வளர்க்கும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆரோன் பெக்கின் முறையையும் பயில்கிறோம். மருந்து தருவது மனநல மருத்துவரின் பணி. எப்போது அவரிடம் அனுப்புவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கேட்டதை வெளியிடாமை எங்கள் அறம். ஆயினும் உயிருக்கு ஆபத்து எனில் உயிரே முதன்மை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. அத்தகையோர்க்கு வேண்டுவது உதவி; கண்டனம் அன்று.

'அறிவுரை பகர்தல்' என்பதைவிட 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்று வந்தவன், எதிர்ப்பட்ட இரவலனுக்கு வழி கூறுவான்; நடக்க வேண்டியவன் இரவலனே. விடுதி அறையில் ஒரு நண்பன் வாய் திறக்கும்போது, தீர்ப்புச் சொல்லாமல் சற்று நேரம் செவி கொடுங்கள். பட்டம் இல்லாமலும் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய உதவி அது.