வண்டிக்கு ஏற்ற எஞ்சின்

‘சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்’ என்பது பழமொழி. பொருளின் விலையை மட்டும் எண்ணி, அதனைத் தொடர்ந்து வரும் செலவை எண்ணாதவரை நோக்கி எழுந்த மொழி இது. இதன் உண்மையைப் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிப்போர் நன்கு உணர்வர்.

அமெரிக்க நாட்டில் பழைய பிக்கப் லாரிகளைச் செப்பனிட்டு ஓட்டுவதில் பலர் பெருவிருப்பம் உடையவர். அவ்வாறு விரும்பப்படுவனவற்றுள் ஒன்று, செவர்லே நிறுவனம் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட அரை டன் லாரி. அதன் எஞ்சின் ஒரே வரிசையில் அமைந்த ஆறு சிலிண்டர்களை உடையது. 216 கன அங்குலக் கொள்ளளவும் 90 குதிரைத்திறனும் கொண்டது. பண்ணையிலிருந்து சந்தைக்குச் சுமை ஏற்றிச் செல்ல அவ்வாற்றல் போதுமானதாயிருந்தது. ஆனால், 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக எழுந்த அகன்ற நெடுஞ்சாலைகளில் பிற வண்டிகளுடன் ஒப்ப விரைந்து செல்ல அது போதாது. ஆகவே, வேறோர் எஞ்சினைப் பொருத்தச் சிலர் விழைகின்றனர். குறைந்த செலவில் எதனைத் தேர்ந்தெடுப்பது? வழிகள் மூன்று உள.

முதலாவது, 1954 ஆம் ஆண்டில் இவ்வகை லாரிகளுக்கு வந்த 235 கன அங்குல எஞ்சின். இதற்கும் ஆறு சிலிண்டர்களே. முன்னையதன் உடன்பிறப்பு எனத்தக்க இது, சிறு மாற்றங்களுடன் பழைய இடத்திலேயே அமரும்; பழைய கியர் பெட்டியோடும் இணையும். ஆற்றல் சிறிதே மிகும், செலவும் சிறிதே.

இரண்டாவது, 1955 ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஸ்மால் பிளாக்’ என்னும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். இவ்வினத்துள் 1967 ஆம் ஆண்டு மாதிரியில் வந்த 350 கன அங்குல எஞ்சின் பெரிதும் பரவியது. ஆதலின் அதன் உறுப்புகள் எளிதிற் கிடைக்கும். கார்புரேட்டர் உடையதற்குக் கணிப்பொறியும் வேண்டுவதில்லை.

மூன்றாவது, 1999 ஆம் ஆண்டு மாதிரி லாரிகளில் வந்த 5.3 லிட்டர் எஞ்சின். தொடக்கத்திலேயே இஃது 270 குதிரைத்திறன் உடையது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் களங்களில் இதனை வாங்கலாம். ஆயினும், இது தனியே இயங்காது. இதனை ஆளும் கணிப்பொறியும், மின்கம்பித் தொகுதியும், மிகுந்த அழுத்தத்துடன் பெட்ரோலைச் செலுத்தும் பம்பும் உடன் வேண்டும். 1947 ஆம் ஆண்டு லாரியின் மின்னமைப்போ 6 வோல்ட். புதிய எஞ்சினுக்கு வேண்டுவது 12 வோல்ட்.

இன்னும் ஒன்று காண்க. அந்த லாரியில் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு ஒரு குழாயினுள் மூடப்பட்டுள்ளது. எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு ஏற்பப் புதிய கியர் பெட்டியை அமைப்பின், பெரும்பாலும் அத்தண்டையும் பின்னச்சையும் மாற்ற நேரும். இவற்றின் செலவு எஞ்சினின் விலையையே விஞ்சுதல் கூடும். இதனை எண்ணாது தொடங்கியவரது வண்டி, பாதி வேலையுடன் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும்.

செலவினும் பெரிது உயிர். 90 குதிரைத்திறனுக்கென அமைந்த பழைய பிரேக்குகளை அவ்வாறே விட்டு, 270 குதிரைத்திறனை ஏற்றுதல் அறியாமை. விரையும் ஆற்றல் மிகுந்த வண்டிக்கு நிற்கும் ஆற்றலும் மிகுதல் வேண்டும். ஆதலின் பிரேக்குகளின் செலவையும் எஞ்சினின் செலவாகவே கணக்கிடுதல் தகும்.

ஊர்ச்சாலைகளில் மெல்லச் செல்ல விரும்புவோருக்கு முதல் வழியே சாலும். நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்வோர், முழுச் செலவையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் ஏனைய இரண்டனுள் ஒன்றைக் கொள்ளலாம். மாணவர்களே! விலை குறைந்தது வேறு, செலவு குறைந்தது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து தொடங்குவோரே எடுத்த வினையை இனிது முடிப்பர்.